எர்த் குழி

தீனதயாளன் ஆடு பிடிக்க மலைமேல் கரியாலூருக்குப் போன மறுநாள் மறியல் தொடங்கியது. இடஒதுக்கீடு கேட்டு ரோடு நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, பேப்பர் இல்லை. வதந்திக்கு மட்டும் மறியல் கிடையாது. எங்கேயோ துப்பாக்கிச்சூடு என்று அது கள்ளக்குறிச்சிக்குத் தாராளமாக வந்து சேர்ந்தது. புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் கமலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

உள்ளூர் ரேடியோ எங்கும் அமைதி என்றது. லண்டன் தமிழ்ச் செய்திதான் உள்ளதைச் சொல்லும் என்றான் பக்கத்து வீட்டுக் கந்தசாமி, சரியான ரேடியோ பைத்தியம். கமலாவின் மாமனார் காலத்து வால்வு ரேடியோவைத் துடைத்து, கூரையிலிருந்து தென்னைக்கு ஏரியல் கம்பி கட்டினான். அப்படியும் கொரகொரப்பு அடங்கவில்லை.

"எர்த்து சரியில்லீங்க அண்ணி. கொல்லையில குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு ரேடியோ கம்பியப் பொதைச்சிட்டேன். காஞ்சா கேக்காது. தண்ணி ஊத்திக்கினே இருங்க."

அவன் போன பிறகு, பொழுது சாயும் நேரத்தில் கமலா ரேடியோவைத் திருப்பினாள். இரைச்சலுக்கு அடியில் ஓர் ஆண் குரல் கேட்டது.

"தண்ணி..."

ஓடிப்போய் ஒரு குடம் ஊற்றினாள். குரல் தெளிந்தது. "இன்னும்..."

செய்தி படிக்கிறவன் குரலா அது? இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்குத் தெரியாதா?

"இருங்க, தோ ஊத்தறேன்!"

ஊற்ற ஊற்றக் கேட்டது, நிறுத்தினால் மங்கியது. எங்கே விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் உப்பு ஜாடியையே குழியில் கவிழ்த்து, மேலே இன்னொரு குடம் ஊற்றினாள். பெட்டிக்குள் யாரோ குமட்டுகிற சத்தம் வந்தது. அப்புறம் வெறும் இரைச்சல்தான்.

மரங்களை ஓரம் தள்ளி ரோட்டைத் திறந்ததும், மலை ஊர்க்காரர்கள் இரண்டு பேர் தீனதயாளனைக் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். கமலா வாய்விட்டு அழுதாள்.

"பஸ்ஸு இல்லன்னு நடந்தே எறங்கினேன். காலு மடங்கிப் பள்ளத்துல வுழுந்துட்டேன், கமலா. நாக்கு வறண்டு கெடந்தப்ப யாரோ வாயில தண்ணி ஊத்தினாங்க. ஆளு கண்ணுக்குத் தெரியல. ஒரே கரி வாசன. அப்புறம் பாவி, உப்பா ஊத்தி ஊத்தி உயிரே போய்டுச்சு."

கமலா பானையிலிருந்து நல்ல தண்ணீர் மொண்டு கொடுத்தாள். ஒரு மடக்குக் குடித்தவன் தரையில் துப்பினான்.

"இன்னாடி, நீயும் உப்புத்தண்ணியே குடுக்கற?"