அம்மனுக்கு அரைத்த மிளகாய்

காப்பிப் பழம் பறித்துக்கொண்டே பொன்னாயி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நாளைக்கு வேலைக்கு வரமாட்டனுங்கக்கா. ஆத்தா கோயில்ல மொளகா அரைக்கப் போறேன்."

பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த ஜெயமேரியின் கையிலிருந்த பழம் கூடைக்கு வெளியே விழுந்தது.

பொன்னாயியின் புருஷன் நல்லமுத்துவைக் கரடியூர் வளைவில் ஒரு ஜீப் அடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். யார் ஜீப் என்று ஊரில் தெரியாது. ஜெயமேரிக்குத் தெரியும். ஓட்டியது அவள் மகன் ஆசிர்.

"போலீசு புடிச்சுருமே" என்றாள் ஜெயமேரி.

"புடிச்சாலும் ஜாமீன்ல வந்துருவான். ஆத்தா ஜாமீன் குடுக்க மாட்டாளுங்கக்கா."

பக்கத்துச் செடிகளில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மிளகாயை அரைத்து அம்மன்மேல் பூசினால், குற்றம் செய்தவன் உடம்பு எரியும் என்பார்கள். அவன் ஒப்புக்கொண்ட பிறகுதான் எண்ணெய் சாத்தி அம்மனைக் குளிர வைப்பார்கள்.

சாயங்காலம் ஆசிர் சோறு தின்றுகொண்டிருந்தான்.

"ஸ்டேஷனுக்குப் போலாம் கண்ணு. நானும் வாரேன்."

"முழங்கால் போட்டு அழுதேம்மா. ஆண்டவர் மன்னிச்சுட்டாரு. அவரே மன்னிச்ச பொறவு போலீசு எதுக்கு?" அவன் சிரித்தான். "சர்ச்சு கோயர்ல பாடறவ, மொளகாய்க்குப் பயப்படறியா?"

ஆண்டவர் மன்னிப்பார் என்றுதான் ஞாயிறுதோறும் அவளும் நம்பி வந்தாள். ஆனாலும் அன்று ராத்திரி தூக்கத்தில் அவன் கழுத்தைச் சொறிந்தால்கூட எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தாள்.

விடிந்ததும் கோயிலுக்கு ஓடினாள். பனியில் எதுவும் தெரியவில்லை. முதலில் அம்மிச் சத்தம் கேட்டது. பிறகு நெடி வந்தது.

"பொன்னாயி, வேண்டாம். ஸ்டேஷன்ல எழுதிக் குடு. ஜெயில்ல போட்டாலும் பையன் ஒருநா ஊட்டுக்கு வந்துருவான். இது எப்ப முடியும்னே தெரியாதே!"

குழவி நின்றது.

"எந்தப் பையனுங்கக்கா?"

ஜெயமேரி வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்னாயி அவளையே பார்த்தாள். சாந்தை வழித்து எடுத்து, அம்மன் முகத்தில் மெதுவாகப் பூசினாள்.

"ஸ்டேஷன்ல உம்மவன் பேரு ஏறட்டும். அன்னைக்கே எண்ணெய் ஊத்தறேன்."

ஜெயமேரி வீட்டுக்குப் போகவில்லை. ஆசிரைப் பார்த்தால் மனம் மாறிவிடும். ஸ்டேஷனுக்கு இறங்கும் ரோட்டில் தனியாக நடந்தாள். ஜெபம் செய்யப் பார்த்தாள். வாயில் வந்தது வேறு.

"ஆத்தா, நான் ஸ்டேஷன் போய்ச் சேர்ற வரைக்கும் அவனை ஒண்ணும் பண்ணிராதே."