ஸ்டோருக்குள் கட்டிய கொடி

என் சுடிதார் மூன்றாவது நாளும் காயவில்லை. பிழிந்தால் தண்ணீர் வராது, போட்டால் முதுகு சிலிர்க்கும். அப்படி ஒரு ஈரம். போடிமெட்டுக்குக் கீழே, சரிவில் இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்து வீட்டுக்கு மழைக்காலத்தில் வந்தால் இதுதான் கதி. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும். சென்னையில் என் தோழிகள், "உங்களுக்கு எஸ்டேட் இருக்கா!" என்று வாயைப் பிளப்பார்கள். எஸ்டேட்டாம்! கொஞ்சம் செடி, நிறைய அட்டைப்பூச்சி, ஒரு ஈரக் கொடிக்கயிறு. அவ்வளவுதான்.

காலேஜ் லீவு விட்டால் எங்கள் அத்தா மொய்னுதீனுக்கு மலை ஏறியே ஆக வேண்டும். ஊட்டி கிடையாது, கொச்சி கிடையாது. வந்து இறங்கியதும் செடிக்குள் புகுந்துவிடுவார். சேறோடு திரும்புவார், கைலி மாற்றுவார், மறுபடி புகுவார். அத்தனையையும் துவைப்பது அம்மா மரியம் பீவி.

"ஊருல மெஷினு தொவைக்குது, இங்க நான்தான் மெஷினு. இதுக்குப் பேரு லீவாம்!" சோப்புக்கட்டியிடம்தான் சொல்வாள். கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

இந்த முறை அத்தாவுக்குக் கூடுதல் பதற்றம். தோட்டம் அவருக்கும், போடியில் கடை வைத்திருக்கும் அவர் அண்ணன், பெரியத்தா சவுகத் அலிக்கும் பொது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் ரிசார்ட் கட்டுவதற்காக அதை விலைக்குக் கேட்கிறார். பெரியத்தா கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒன் ஆசைக்கு இந்த ஒரு எடுப்பு பறிச்சுப் பாப்போம்டா. காயி பச்சை மாறாம காஞ்சு வந்துச்சுன்னா தோட்டம் நமக்கு. வெளுத்துச்சுன்னா குடுத்துருவோம். அப்பறம் பேச்சு கூடாது."

"யா அல்லா, வெளுக்கட்டும்" என்றாள் அம்மா, அத்தாவின் காதில் விழும்படியே.

பறித்த காய் ஸ்டோரில் இருந்தது. மலையில் ஸ்டோர் என்றால் கடை இல்லை, ஏலக்காய் காயவைக்கும் அறை. வெளியே அடுப்பு எரியும், உள்ளே குழாயில் சூடு ஓடும், தட்டுத் தட்டாகக் காய் பச்சை நிறத்தோடே காயும். அதைப் பார்த்துக்கொள்ளும் சோலைமலை அண்ணன், ராசிங்காபுரத்தில் மச்சினன் கல்யாணம் என்று இறங்கிவிட்டார். "நீ தைரியமாப் போப்பா, நான் பாத்துக்கிர்றேன்" என்று அத்தாதான் அனுப்பிவைத்தார். ஸ்டோர் தன் கைக்கு வந்ததில் அத்தாவுக்கு ஒரே கொண்டாட்டம்.

அன்று மத்தியானம் அம்மா பையைக் கட்டிவிட்டாள். "மாத்துத் துணியில்ல. நானும் புள்ளையும் கெளம்புறோம். நீங்க காயோட குடும்பம் நடத்துங்க."

"பொறு மரியம். காலையில மொறுமொறுன்னு தர்றேன். எங்கிட்ட ஒரு ஐடியா இருக்கு."

அத்தாவின் ஐடியாக்களை எனக்குத் தெரியும். கொடியில் கிடந்த மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் விடிந்ததும், "வந்து பாருங்க!" என்று கூவினார். ஸ்டோருக்குள், ஏலக்காய்த் தட்டுகளுக்கு மேலே, உத்தரத்தில் குறுக்கும் நெடுக்கும் கயிறு. என் சுடிதார், அம்மாவின் சேலைகள், போர்வை, திருவிழாத் தோரணம் மாதிரி கைலிகள். எல்லாம் அப்பளமாகக் காய்ந்திருந்தன.

"எப்பூடி?"

அந்தத் துணிகளில் இருந்த ஈரமெல்லாம் எங்கே போயிருக்கும் என்று மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. அம்மா துணியைத் தொடவில்லை. தட்டிலிருந்து ஒரு காயை எடுத்தாள். வைக்கோல் நிறம். முகர்ந்துவிட்டு என் மூக்கில் நீட்டினாள். ஏலத்தோடு துணி சோப்பு வாசனை. அத்தா ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தார். நிமிரும்போது முகமும் காயின் நிறத்துக்கு வந்திருந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்துப் பெரியத்தாவின் ஜீப்பு உறுமிக்கொண்டு ஏறியது. வராதே வராதே என்றால்தான் எல்லோரும் வருவார்கள்.

உள்ளே வந்தவர் ஒரு காயை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார். அப்புறம் தலைக்கு மேலே தொங்கிய கைலியைப் பார்த்தார்.

"எவன் பாத்த சோலி இது?"

அத்தா குனிந்து, நேராக இருந்த தட்டையே மறுபடி நேராக்கினார். நான் அம்மாவைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை போதும். அடுத்த லீவுக்கு ஊட்டி. நான் மனதுக்குள் தொட்டபெட்டாவில் செல்ஃபியே எடுத்துவிட்டேன்.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான்தான் மச்சான். துணி காயல. தெரியாம போட்டுட்டேன்."

பெரியத்தா, அம்மாவுக்கு எட்டவே எட்டாத உயரத்தில் கட்டியிருந்த முடிச்சை அண்ணாந்து பார்த்தார். தம்பியைப் பார்த்தார். காயைத் தட்டிலேயே போட்டார்.

"நீ தெரியாம செஞ்சதுக்கு நான் என்னத்தச் சொல்ல? சரி, இந்த எடுப்பு சேத்தியில்ல. அடுத்த எடுப்பு பாப்போம்."

ஜீப்பு இறங்கிப் போனது. நான் வெடித்துவிட்டேன். "ஏம்மா அப்பிடிச் சொன்ன? நீதான வெளுக்கட்டும்னு துவா கேட்ட? இப்ப அடுத்த லீவும் இங்கதான்!"

"வாய மூடிட்டுத் துணிய மடி" என்றாள். அவள் முகத்தில் கருணை, தியாகம் ஒன்றும் இல்லை. சுத்தமான எரிச்சல், தன் மேலேயே.

அத்தா அடுப்பு வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது கைலியின் பின்பக்கம் முழுக்கச் சாம்பலும் கரியும்.

அம்மா அதைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு. "அவுத்துப் போட்டு வேற கட்டுங்க."

துவைக்கிற கல்லில் அந்தக் கைலி வாங்கிய அடி மலைக்கே கேட்டிருக்கும். அத்தா பூனை மாதிரி வந்து நின்று, கேட்காமலே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் மறுமுனையை முறுக்கினாள், யாருடைய கழுத்தையோ முறுக்குவது போல. அவர் எதிர்ப்பக்கம் முறுக்கினார். தண்ணீர் கொட்டியது. கீழேயிருந்து மேகம் ஏறி வந்து முதலில் கொடிக்கயிற்றை மூடியது, அப்புறம் அவர்களை. இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.