கொலின்ஸ் வாய் திறந்த நாள்

யாழ்ப்பாணச் சந்தையின் கருவாட்டு வரிசையில் கொலின்சின் பல்லைப் பார்த்தவர்கள் குறைவு. பழகிய ஆட்களுக்கே அரைப் பல்தான் தெரியும். முன்பின் தெரியாத முகம் கடைக்கு முன்னால் வந்து நின்றால் அந்த அரைப் பல்லும் உள்ளே போய்விடும். அதிலும் தெற்கிலிருந்து நயினாதீவு விகாரைக்கு யாத்திரை வரும் சிங்களச் சனம் என்றால், முகம் கடையில் தொங்கும் சுறாவைவிடக் காய்ந்துபோகும். ஒரு சொல் பேசமாட்டார். விலையை விரலால் காட்டுவார்.

ஆனால் அந்த விரல்தான் சந்தைக்கே அதிசயம். வந்தவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்து, இவ்வளவுக்குமேல் கொடுப்பதில்லை என்று முடிவுகட்டுவார்கள். கொலின்சின் விரல் அந்த இவ்வளவைத்தான் காட்டும். கூடவும் இராது, குறையவும் இராது. அவர்களும் தங்கள் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டு கருவாட்டைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு போவார்கள்.

பக்கத்துக் கடைச் சிமியோனுக்கு இது பொறுக்கவில்லை.

"கொலின்ஸ் அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. அந்தோனியாருக்கு என்ன நேர்த்தி வைச்சிருக்கிறியள்?"

"வாயை மூடிக்கொண்டிருக்கிறன் எண்டு."

"அப்ப எனக்கு அந்த வரம் வேண்டாம். நான் கதைக்காட்டி என்ரை நெத்தலியே என்னைத் தேடும்."

விஷயம் இவ்வளவுதான்: கொலின்சுக்குச் சிங்களம் தெரியும். சின்ன வயதிலேயே குருநகரிலிருந்து தகப்பனோடு கொழும்புக்குப் போய், புறக்கோட்டையில் ஒரு கருவாட்டுக் கடையில் வளர்ந்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு, பதினான்கு வயதில், அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினார். இறங்கிய நாளிலிருந்து அந்த மொழியில் ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. முதலில் அது கோபமாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. போர் முடிந்து, பாதை திறந்து யாத்திரைப் பஸ்கள் வரத் தொடங்கியதும் அதுவே வியாபாரத்துக்கு முதலாகிவிட்டது. காது கேட்கும், வாய் திறக்காது. மனைவி றஜனிக்குக்கூடத் தெரியாத முதல்.

வெசாக் பெருநாள் முடிந்த கிழமை. யாத்திரை வந்த, குருநாகலில் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி, வயிறு முன்னே வர அவர் பின்னே வர, கொலின்சின் சுறாக் குவியலுக்கு முன்னால் வந்து நின்றார். குவியல் முழுவதும் வேண்டுமாம். பிடித்தால் மாதாமாதம் வேண்டுமாம். கூட வந்த மைத்துனனோடு கொலின்சின் மூக்குக்கு நேரேயே திட்டம் போட்டார்: முதலில் பாதி விலை கேட்போம், கடைசியில் இதுவரை ஏறுவோம், இந்த ஆளைப் பார்த்தால் மரக்கட்டை மாதிரி இருக்கிறான், முதலில் சாப்பிட்டுவிட்டு வருவோம். கொலின்சின் காதில் தேன் ஊறியது. முகம் மட்டும் மரக்கட்டையாகவே நின்றது.

அவர்கள் போன கையோடு வெள்ளைச் சேலை உடுத்த ஒரு வயதான அம்மா தனியாக வந்தாள். வரிசையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோருக்கும் விளங்கிவிட்டது: பஸ் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது.

சந்தை அவளைச் சூழ்ந்துகொண்டது. மரக்கறிக்கார றோஸ் சாக்கை மடித்துப்போட்டு இருத்தினாள். யாரோ சோடா உடைத்தார்கள். சிமியோன் இரண்டு கையாலும் காற்றில் பஸ் ஓட்டிக் காட்டினான். அவனுடைய சிங்களம் நூறு ரூபாவில் தொடங்கி ஆயிரம் ரூபாவில் முடிந்துவிடும். வழி தவறியவர்களுக்கு அதற்குள் ஒன்றும் இல்லை.

"பொலிசுக்குச் சொல்லுவமோ?" என்றாள் றோஸ்.

"பொறு அக்கா, மனுசி பயந்துபோகும்."

அம்மா எல்லோருக்கும் தலையாட்டினாள். பிறகு, யாருக்கும் விளங்காது என்ற நிச்சயத்தில், செபம் சொல்வதைப்போல மெல்லச் சொல்லிக்கொண்டாள். இந்தச் சனங்கள் நல்ல சனங்கள், எனக்குத்தான் சொல்லத் தெரியவில்லை. அக்கா பஸ்ஸில் போய்விட்டாள். அவளுக்குக் கண் தெரியாது. என் கையைத் தவிர வேறு கையைப் பிடித்து வள்ளத்தில் ஏறமாட்டாள். இந்த ஒரு தரம் கும்பிடத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்.

கொலின்ஸ் சுறாவைத் திருப்பிப் போட்டார். திரும்பவும் திருப்பிப் போட்டார். குருநாகல் முதலாளி சாப்பிட்டு முடிந்து இப்போது வந்துவிடுவார். அவருக்கு இவளுடைய பேச்சு விளங்கும். அவர் பார்த்துக்கொள்வார். நான் ஏன் வாய் திறக்கவேண்டும்? திறந்தால் சிமியோனுக்குத் தெரியும். சிமியோனுக்குத் தெரிந்தால் கொடிகாமம்வரை தெரியும். குவியலும் போய், மாதாமாதமும் போய், முதலும் போய்விடும்.

கணக்குச் சரியாகத்தான் வந்தது. முதலாளிதான் வரவில்லை. தெற்கத்தி ஆட்களுக்கு எங்கள் நண்டுக் கறியைக் கண்டால் நேரம் தெரியாது. அம்மா அழவில்லை. சாக்கிலிருந்து எழுந்து, சேலையைச் சரிசெய்து, எந்தத் திசை என்று தெரியாமலே நடக்கத் தொடங்கினாள்.

"அம்மா" என்றார் கொலின்ஸ்.

அந்தச் சொல்லில் ஆபத்தில்லை. இரண்டு மொழிக்கும் அது பொது. அடுத்த சொல்லில்தான் குட்டு உடைந்தது. நில்லுங்கள், அக்காவிடம் நான் கூட்டிப்போகிறேன், என்று அவர் வாய் சொன்னது. அவர் சொன்னதாக அவருக்கே தோன்றவில்லை. நாற்பது வருடம் பூட்டிக் கிடந்த அறையில் துருப்பிடித்த சாமான்கள்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார். கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொல்லுக்குப் பின்னால் சொல் தானாக வந்தது. அவளுடைய ஊரைக் கேட்டார், பஸ்ஸின் நிறத்தைக் கேட்டார், பயப்படவேண்டாம் என்றார்.

சிமியோனுடைய கை பஸ் ஓட்டிய இடத்திலேயே நின்றுவிட்டது.

"அண்ணை," என்றான் கடைசியில். "இது அந்தோனியார் இல்லை."

"ஓம். கடையைப் பார்."

திரும்பினால் பல்லுக் குத்தியபடி குருநாகல் முதலாளி நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"அப்படியென்றால் நாங்கள் பேசிய எல்லாம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"எல்லாம்," என்றார் கொலின்ஸ்.

"மரக்கட்டை?"

"அதுவும்."

முதலாளி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "எங்கள் பஸ்ஸும் வள்ளத் துறைக்குத்தான் போகிறது. ஏறுங்கள், இரண்டு பேரும்."

பஸ்ஸில் ஏற்றிவிட்டபிறகும் அம்மா கொலின்சின் கையை விட்டால்தானே அவர் இறங்கி நிற்பதற்கு.

பண்ணைப் பாலம் கடந்து, வேலணை கடந்து, புங்குடுதீவுக்குப் போகும் கடற்பாதையில் பஸ் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நூல் மாதிரி வீதி. குருநகரில் பிறந்த மனுசனுக்குக் கடல் புதிதா? ஆனாலும் அன்று புதிதாக இருந்தது. பஸ் நிறையச் சனம் யாத்திரைப் பாட்டுப் பாடியது. பெயர் தெரியாத ஒருத்தி கிரிபத் என்ற பாற்சோற்றுத் துண்டொன்றை அவர் கையில் வைத்தாள். முன்சீற்றுக்காரர் திரும்பி, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். அவர் சொன்னார். கேட்காததையும் சொன்னார்: புறக்கோட்டைக் கடையை, தகப்பனை, கப்பலை. கப்பல் என்றதும் பாட்டு மெல்ல நின்றது. அம்மாவின் கை மட்டும் அவர் கையை இறுக்கிப் பிடித்தது. இவ்வளவு பெரிய உலகம் என் காதுக்குள்ளேயே இத்தனை காலம் இருந்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நான் சுறா விற்றிருக்கிறேன் என்று கொலின்ஸ் நினைத்தார்.

குறிகட்டுவான் துறையில் வள்ளங்கள் ஏற்றிக்கொண்டும் இறக்கிக்கொண்டும் நின்றன. படிக்கட்டோரம் ஒரு கிழவி, நீட்டிய கையெல்லாவற்றையும் தள்ளிவிட்டு, அசையாமல் நின்றாள். தங்கையின் குரல் கேட்டதும் முகம் திரும்பியது. ஒரு கையைத் தங்கை பிடித்தாள். மற்றக் கை காற்றில் தடவியது. கொலின்ஸ் தன் கையைக் கொடுத்தார்.

"படி ஈரம். மெல்ல வையுங்கள் அம்மா."

கிழவி நின்றாள். "யார் இது? கருவாடு மணக்கிறது."

"இவர்தான் என்னைக் கூட்டிவந்தார்," என்றாள் தங்கை.

"குரல் பெரிய ஆளின் குரல். பேச்சுச் சின்னப் பொடியனின் பேச்சு." கிழவி அவர் புறங்கையைத் தடவிப் பார்த்தாள். "எங்கே மகனே இவ்வளவு காலம் ஒளித்திருந்தாய்?"

அவள் அவருடைய கையைப் பிடித்தபடியே வள்ளத்தில் கால் வைத்தாள். தண்ணீர் ஒரு தரம் ஏறி இறங்கியது. வள்ளம் தூரப்போய், வெள்ளைச் சேலைகள் எல்லாம் ஒரே புள்ளியாகும்வரை அவர் துறையிலேயே நின்றார்.

பின்னேரம் கடைக்கு வந்து இருந்தார். சிமியோன் கேள்விகளை அடுக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"றஜனி அக்காவுக்குத் தெரியுமோ?"

"இண்டைக்குச் சொல்லவேணும்."

"முதல் எனக்குச் சொல்லுங்கோ. பிறகு அவ உங்களைக் கதைக்க விடமாட்டா."

பொழுதுபடக் குருநாகல் முதலாளி யாத்திரை முடித்து வந்துவிட்டார். விலை முடிவைப் பஸ்ஸுக்குள்ளேயே எடுத்துக்கொண்டு வந்திருப்பார்போல. மைத்துனனோடு ஒரு சொல் பேசவில்லை. சுறாக் குவியலுக்கு முன்னால் வந்து நின்று, முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொண்டு, விலையை விரலால் காட்டினார்.

கொலின்ஸ் அந்த விரலைப் பார்த்தார். கொஞ்சம் குறைந்த விலைதான். ஆனால் அவருக்கு உள்ளேயிருந்து சிரிப்புக் கிளம்பிவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தராசைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அண்ணைக்கு வாயில் முழுப் பல்லும் இருக்கிறது என்பது சிமியோனுக்கு அன்றுதான் தெரிந்தது.