திரும்ப வாங்கிய மாத்திரைகள்

வலிப்பு நோய்க்கான புது மாத்திரையைச் சோதிக்கும் ஆராய்ச்சிக்காக, ஆஸ்பத்திரியின் கடைசி அறையில் ஆறு பேர் வேலை பார்த்தார்கள். இப்போது நர்ஸ் மட்டும்தான் மிச்சம். வெளிநாட்டுக் கம்பெனி பாதியில் கைகழுவிவிட்டது. மருந்தில் கோளாறு இல்லையாம். வேறு மருந்தில் பணம் போடப் போகிறார்களாம். டாக்டர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார். முப்பத்தெட்டு நோயாளிகளையும் தேடிப் பிடித்து, கையிலிருக்கும் மாத்திரையை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கிடைக்கும் பழைய மாத்திரைக்கு மாற்றிவிடும் வேலை நர்ஸ் தலையில் விழுந்தது.

பாதிப் பேர் கொடுத்த விலாசத்தில் இல்லை. அலைந்துவிட்டு வீடு திரும்பினால் பேச ஆளும் இல்லை. அன்றன்று அவள் பேசிய பேச்செல்லாம் யார் வீட்டு வாசலிலோ நின்றுகொண்டு பேசியதுதான்.

கொத்தனாரைக் கட்டடம் கட்டும் இடத்தில் பிடித்தாள். நின்றபடியே அரை நிமிடம் நினைவு தப்பிப்போகும் அவருக்கு. மாத்திரை ஆரம்பித்து எட்டு மாதமாக ஒருமுறைகூட அப்படி வரவில்லை. இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து இறங்கி வந்தார்.

“மேஸ்திரி கேட்டா தங்கச்சின்னு சொல்லுங்க சிஸ்டர்.”

விஷயத்தைச் சொன்னாள். அவர் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

“மருந்து நல்லாத்தானே கேட்டுச்சு?”

“நல்லாத்தான் கேட்டுச்சு அண்ணே. அவங்க நிறுத்திட்டாங்க.”

“அப்ப இனிமே உங்களையும் பாக்க முடியாது.”

அவள் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். “பழைய மாத்திரை ஒத்துக்குதான்னு தெரியற வரைக்கும் சாரத்துல ஏறாதீங்க. அண்ணிகிட்ட சொல்லிடுங்க. கூட இருந்து கவனிக்க ஆள் வேணும்.”

“அவகிட்டயா? உங்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது சிஸ்டர்.”

மாதாமாதம் அவர் வந்து மணிக்கணக்கில் பேசிவிட்டுப் போனது மருந்துக்காக மட்டும் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளும் அந்த நாளுக்காகக் காத்துத்தான் கிடந்தாள்.

பத்து நாள் கழித்துக் கொத்தனார் மனைவியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

“எட்டு மாசமா உங்களுக்குத் தெரியும். கட்டினவ எனக்குத் தெரியக் கூடாதா?” என்றாள் அந்த அம்மா.

“நோயாளி சம்மதிக்காம யார்கிட்டயும் சொல்லக் கூடாது அண்ணி.”

“நான் கத்திக்கிட்டே இருப்பேன், இவர் மரம் மாதிரி நிப்பாரு. கொழுப்புன்னு நினைச்சு எத்தனை சண்டை போட்டிருக்கேன் தெரியுமா!” சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

“இப்ப மட்டும் விட்டாளாக்கும்” என்று முணுமுணுத்தார் கொத்தனார்.

பழைய மாத்திரையில் இரண்டு தடவை நினைவு தப்பியிருந்தது. வெளிநோயாளிப் பிரிவு டாக்டர் அளவைக் கூட்டினார். இனிமேல் தரையில் டைல்ஸ் ஒட்டும் வேலைதான் என்று அண்ணி கறாராகச் சொல்லிவிட்டாள். எந்த வேளைக்கு எத்தனை என்று அவளே கேட்டுக்கொண்டாள். இருவரும் சண்டை போட்டபடியே படியிறங்கிப் போனார்கள்.

நர்ஸுக்கு நிம்மதியாக இருந்தது. அதோடு, தன்னிடம் இருந்த ஏதோ ஒன்றைக் கை மாற்றிவிட்ட மாதிரியும் இருந்தது.

மாதக் கடைசியில் காகிதங்களையெல்லாம் பெட்டியில் போட்டு முத்திரை வைத்தாள். நோயாளிகளின் போன் எண்களும் அதற்குள் போயின. வெளியே எடுத்துப் போகக் கூடாது. கொத்தனாரின் எண் மட்டும் அவளுக்கு மனப்பாடம். பஸ் நிறுத்தத்தில் போனை எடுத்து, கடைசி இலக்கம்வரை அழுத்தினாள். பிறகு ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.