கழிவு மூட்டை வரகு

தம்பி குனிந்து செருப்பு வாரை மாட்டப் பார்த்தான். மூன்று முறையும் கை வாரைத் தாண்டித் தரையைத் தொட்டது. நான்காவது முறை அவனே தரையில் உட்கார்ந்துவிட்டான். காலை ஏழு மணி. ஏழேகாலுக்குப் பள்ளி வேனை எடுக்க வேண்டும்.

அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குடியை விட்டுப் பதினான்கு மாதம். அவனைவிட அவள்தான் அதைச் சரியாக எண்ணி வைத்திருந்தாள்.

"ஊதுடா."

ஊதினான். பற்பசை வாசனைதான் வந்தது.

"இன்னொரு தடவை."

ஊதினான். "தலை சுத்துதுக்கா," என்றான். நாக்கு குழறியது. அந்தக் குழறலை அவள் வருடக்கணக்கில் கேட்டிருக்கிறாள்.

வாடையே வராத சரக்கெல்லாம் வந்துவிட்டதாக வேலையிடத்தில் பேசிக்கொண்டார்கள். வேனில் பதினாறு குழந்தைகள். அவளே வேன் முதலாளிக்குப் போன் போட்டு, குடித்திருக்கிறான், சாவியைக் கொடுக்காதீர்கள் என்றாள். அவன் சுவரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் தெளிந்ததும் இரண்டு சட்டையைச் சுருட்டிக்கொண்டு, மெக்கானிக் கூட்டாளியின் அறைக்குக் கிளம்பினான். முதலாளி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

"ஊதிக் காட்டினேனேக்கா," என்றான்.

அவள் வேலை பார்த்தது சிறுதானியம் சுத்தம் செய்யும் மில்லில். ஓடும் பெல்ட்டின் இருபுறமும் பெண்கள் உட்கார்ந்து கெட்ட மணியைப் பொறுக்க வேண்டும். அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்பதால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அந்த வருடம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வரகுக் கதிர்கள் நனைந்து பூஞ்சை பிடித்தன. உமி நீக்கிய பிறகும் மணியில் சாம்பல் பூத்திருந்தது. சூப்பர்வைசர் அந்த மூட்டைகளைத் தனியே அடுக்கி, சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டார். குழி தோண்டிப் புதைக்கப் போகிறோம், தின்றால் மாடே தள்ளாடும், யாரும் தொடாதீர்கள் என்றார். பெண்கள் சிரித்தார்கள். யாரும் வீட்டுக்கு எடுத்துப் போய்விடக் கூடாது என்று சும்மா மிரட்டுகிறார் என்றுதான் அவளும் நினைத்தாள்.

தம்பிக்குச் சர்க்கரை. அரிசியைக் குறைத்து வரகு சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். சாப்பாட்டு டப்பாவில் நான்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வந்தாள். நாலு தண்ணீர் விட்டு அலசினாள். காயவைத்தாள். கரும்புள்ளி மணிகளைப் பொறுக்கி எறிந்தாள். முதன்முதலாக அதை வேகவைத்தது அவன் தள்ளாடிய அந்தக் காலையில், விடியும் முன். அவளுக்கு முந்தைய நாள் சோறு மிச்சமிருந்தது. அவனுக்கு மட்டும் வரகு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அரிசி தீர்ந்திருந்தது. ஒரு ஆளுக்காகக் கடைக்குப் போவானேன் என்று மிச்ச வரகை வேகவைத்துச் சாப்பிட்டாள். குடத்தோடு தெருக்குழாய்க்குப் போனாள். குழாய் இரண்டாகத் தெரிந்தது. கை நடுங்கிக் குடம் நழுவியது. மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்றாள். "என்னக்கா, தம்பி ஒளிச்சு வச்சதை நீங்க முடிச்சிட்டீங்களா?"

அக்கா உள்ளங்கையைக் குவித்து, தானே ஊதி, முகர்ந்து பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை.

திங்களன்று வேலைக்கு முன் வேன் முதலாளியின் வீட்டுக்குப் போய், அவன் குடிக்கவில்லை, எல்லாம் அந்த வரகால்தான் என்றாள். தானியம் தின்று யாராவது தள்ளாடுவார்களா, தம்பியைக் காப்பாற்றக் கதை கட்டாதீர்கள் என்றார் அவர். மில்லில் பொறுப்பானவர் யாராவது சொன்னால் நம்புவாராம். மில்லில் சொல்ல வேண்டுமென்றால் அந்த வரகு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெல்ட்டின் முன்னால் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். ஒரு கெட்ட மணியும் கண்ணில் படவில்லை. பக்கத்தில் இருந்தவள் இரண்டு முறை முழங்கையால் இடித்தாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்துபோய்ச் சூப்பர்வைசரிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பெல்ட் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

சூப்பர்வைசர் கோபப்படவில்லை. "நீ பொறுக்கித் தள்ளின மணிதானேம்மா அது? அதையா அவனுக்குப் போட்டே?"

பெண்கள் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அங்கேயே வேன் முதலாளிக்குப் போன் போட்டார். அது பூஞ்சை பிடித்த வரகு, தின்றால் குடித்தவன் மாதிரி ஆக்கும் என்றார். எங்கள் கழிவு மூட்டையிலிருந்து போனது என்றார். யார் கொண்டுபோனது என்பதையும் சொன்னார். பிறகு அவளிடம், நாளையிலிருந்து பெல்ட்டில் உட்கார வேண்டாம், உமிக் கிடங்கைப் பெருக்கு என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை அவள் முதலாளி வீட்டுக்குப் போனபோது, அவர் வரச் சொல்லியிருந்த தம்பி வேன் பக்கத்தில் நின்றிருந்தான். முகம் மழித்திருந்தான். அவளைப் பார்த்தான். அக்கா என்று கூப்பிடவில்லை. அவள், தப்பு என்மேலதான்டா என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

சாவியை நீட்டினார். தம்பி கை நீட்டியதும் பாதி வழியில் நிறுத்தினார்.

"எல்லாம் கேட்டுக்கிட்டேன்ப்பா. நம்பறேன். ஆனா உங்க அக்காவே அன்னைக்கு நம்பலையே. புள்ளைங்க ஏறுற வண்டி. இனிமே தினமும் ஒரு தடவை ஊதிட்டு எடு."

தம்பி முதலாளியைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தான். பிறகு முன்னால் சாய்ந்து வாயைத் திறந்தான்.

அவள் தம்பியின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஊதுவது கேட்டது.