அஜித்தாவின் ஆறாவது அலகு

1

இந்தக் கதை ஒரு பதாகையிலிருந்து பிறந்தது. பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது வாசித்தேன்: ‘ஆறு பாடங்களில் ஆறு ஏ! எமது செல்வி அஜித்தாவை வாழ்த்துகிறோம்.’ ஒரு மூலையில், முத்திரை அளவில், அஜித்தாவின் முகம். மிச்ச இடமெல்லாம் சர்வதேசப் பாடசாலையின் அதிபர் யசோதரன், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக.*

* பாலாவி வெயிலில் கோட்டுப் போடத் தனித் துணிவு வேண்டும். அதை மதிக்கிறேன்.

2

‘உப்பளத்துக் காற்று அவளுடைய கூந்தலை—’

வேண்டாம். கூந்தலைக் கவனிக்கும் நிலையில் அவள் இல்லை.

அவள் எழுதியது ஒரே பாடம், கணிதம். இலண்டன் முறையில் அது ஆறு அலகு. ஒவ்வோர் அலகுக்கும் தனிப் பரீட்சை, தனிப் புள்ளி, தனி எழுத்து. எல்லாப் புள்ளிகளையும் கூட்டினால்தான் பாடத்துக்கு ஒரு பெறுபேறு. கூட்டும்படி இலண்டனிடம் பாடசாலைதான் கேட்கவேண்டும்; கேட்காவிட்டால் அலகுகள் அலகுகளாகவே கிடக்கும். யசோதரன் அலகுகளைப் பாடங்களென்று எண்ணிவிட்டார். அதிலும் ஐந்துதான் ஏ. ஆறாவது சி.

3

கொழும்பில் நில அளவை படிக்க அவளுக்கு ஓர் இடம் காத்திருந்தது. கூட்டும்படி கேட்பதற்குக் கடைசி நேரம், வெள்ளி நண்பகல். தவறினால் இடம் இன்னொருவருக்கு. அஜித்தா யசோதரனின் அறைக்குப் போனாள்.

“கேளுங்க சேர். சி இருந்தாலும் மொத்தத்தில ஏ தான் வரும். நான் கணக்குப் பார்த்திட்டன்.”

“அவசரப்படாத மகள். தையில அந்த ஒண்டைத் திரும்ப எழுது. கூடின புள்ளியைத்தான் எடுப்பாங்க. உனக்கு என்ன நட்டம்?”

“இடம் போயிடும் சேர்.”

“என்ட பதாகை போயிடுமே.”

[இதை அவர் சொல்லவில்லை, நான் எழுதியது. அவர் ஜன்னலால் சந்தியைப் பார்த்தார், அவ்வளவுதான்.]

4

அதிபரைக் கொடியவராக்கப் பார்த்தேன், முடியவில்லை. சண்டை ஓய்ந்த கையோடு, வெறும் சீமெந்துக் களஞ்சியத்தில் பள்ளி தொடங்கிய மனுசன். அவர் இல்லாவிட்டால் அவளுக்குக் கூட்டுவதற்கே ஒன்றும் இருந்திராது.

தகப்பன் பஸ்தியான் வந்து நின்றால் அதிபர் அசைவார் என்று அஜித்தா நினைத்தாள். ஆனால் பஸ்தியான் கற்பிட்டிக் கரை முழுக்க ஆறு, ஆறு என்று சொல்லித் திரிந்தவர். தோணிக்காரர்கள் அவரையே ‘ஆறு ஏ’ என்று கூப்பிட்டார்கள், பாதி மரியாதை, பாதி நக்கல்.

“ஆறைக் குடுத்திட்டு ஒண்டை வாங்குறதா? எந்த ஊர் வியாபாரம் பிள்ளை இது?”

“முதல்லயே ஒண்டுதான் அப்பா.”

“அப்ப நான் ஊரெல்லாம் சொன்னது?”

“அதில ஒண்டு சி,” என்றாள் அவள்.

பஸ்தியான் கையிலிருந்த வலையை வைத்தார். கனநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு [‘கனநேரம் கடலை’ என்பதை வெட்டுகிறேன், அவர் பார்த்தது மகளை].

“மற்ற அஞ்சும் அதைத் தூக்குமா?”

“தூக்கும்.”

5

வெள்ளி காலை பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு பஸ்தியான் பாலாவியில் இறங்கினார், பின்னால் அஜித்தா. பதாகைக்குக் கீழே தேத்தண்ணிக் கடை ஜபார் நின்றான்.

“என்ன ஆறு ஏ, மகளோட பயணம்?”

“ஓம் ஜபார். ஒரு ஏ எடுக்கப் போறம்.”

ஜபார் சிரிக்க வாய் திறந்தான். பஸ்தியானின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அதிபரின் அறையில் கோட்டு ஆணியில் தொங்கியது. அது இல்லாமல் யசோதரன் சின்ன மனிதராகத் தெரிந்தார். கதிரையைக் காட்டினார். பஸ்தியான் உட்காரவில்லை.

6

இந்த அலகை நான் எழுதவில்லை, உங்களுக்கு விட்டிருக்கிறேன். யசோதரனை இணங்க வைக்கலாம். தையைப் பற்றி இன்னொரு பிரசங்கம் செய்யவும் வைக்கலாம். சுமாராக வந்தாலும் பயமில்லை, மற்ற ஐந்தும் தூக்கும். ஆனால் கூட்டும்படி யாராவது வாய் திறந்து கேட்கவேண்டும். மூன்று பேரும் அறையில்தான் நிற்கிறார்கள். நண்பகல் நெருங்குகிறது.