பார்ப்பவர்கள்: மூன்று

"உன் ஆளுங்களுக்கு முதுகு எங்க வினி?" என்று ஹேமந்த் ஒருநாள் கேட்டான். வினிதா வரைந்த நானூறு சிப்பாய்களும் முகத்தோடு சரி. பின்னால் ஒன்றும் கிடையாது. அட்டையில் வெட்டி நிறுத்தின மாதிரி, தட்டைப் படங்கள்.

சரஸ்வதிபுரத்தில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன கம்பெனி, கம்ப்யூட்டரில் ஆடும் போர் விளையாட்டு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. இதுவரை களத்தை ஒரே பக்கத்திலிருந்துதான் பார்க்க முடியும், அதனால் முதுகு தேவைப்படவில்லை. இப்போது முதலாளி மாதப்பன், ஆடுகிறவர் களத்தைச் சுற்றிவந்து பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்படியானால் ஹேமந்த் செய்கிற முப்பரிமாணப் பொம்மைகளே போதும். அவற்றுக்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. படங்களுக்கு வேலை இல்லை. வினிதாவுக்கும்தான்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஹனூர் என்ற சிற்றூரிலிருந்து வந்து ஊதுபத்திப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள் அவள். அவள் படத்தைப் பார்த்து நாற்காலி போட்டுக் கொடுத்த இடம் இது ஒன்றுதான். இதுவும் போனால் மறுபடியும் பெட்டியும் பசையும்தான்.

ஹேமந்துக்கு மனசு கேட்கவில்லை. முதுகு வரையாமல் தப்பிக்க ஒரு வழி உண்டு என்றான். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே ஒரு வரிக் கட்டளை: பார்ப்பவர் எங்கே போனாலும் அவர் பக்கம் திரும்பு. யாருக்கும் முதுகு தெரியவே தெரியாது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு முதலாளி படம், பொம்மை இரண்டையும் பார்த்து முடிவு சொல்வார்.

அன்று மதியம் சாப்பிட்ட பிறகு, இருவரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் அந்தக் களத்தைத் திறந்தார்கள். ஹேமந்த் சுற்றிச் சுற்றி வந்தான். நானூறு முகங்களும் அவனோடு திரும்பின.

"திருஷ்டி பொம்மை மாதிரி மொறைக்கிறானுங்க" என்று சிரித்தான்.

வினிதாவின் திரையில் அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. ஒருக்களித்த கதவுகள்போல எல்லா அட்டைகளும் சற்றுச் சாய்ந்து நின்றன. அவளுடைய வலது தோளைத் தாண்டி யாரையோ பார்த்தன. அந்தப் பக்கம் யாரும் இல்லை.

ஹேமந்த் எழுந்துவந்து பார்த்தான். திரையின் மூலையில், களத்தைத் திறந்திருப்பவர்களின் கணக்கு, பார்ப்பவர்கள்: 3 என்று இருந்தது. வெளியே போகும் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு இரண்டு கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டான். மறுபடியும் 3.

"நாம ரெண்டு பேருதானே? ஹௌதா?" என்றான், ஆமாதானே என்பதைக் கன்னடத்தில். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் தன் இடத்துக்குப் போய்ப் பிழையைத் தேட ஆரம்பித்தான். வினிதா சும்மா உட்கார்ந்திருந்தாள். மவுஸைத் தொடவில்லை. அப்போது அட்டைகள் தாமாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி அகலமாயின. அந்த மூன்றாமவர் நெருங்கிவந்து, அவள் தோளோடு தோளாகக் குனிந்தால்தான் அப்படித் தெரியும். வெளியே நல்ல வெயில். கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. அவள் கழுத்தைத் திருப்பவில்லை.

மூன்று மணிக்கு மாதப்பன் வந்தார். முதலில் பொம்மைகளைப் பார்த்தார். அவை சண்டை போட்டன, முதுகைக் காட்டி நடந்தன, தங்கள் வேலையைப் பார்த்தன. பரவாயில்லை என்றார். பிறகு வினிதாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, குனிந்து திரையைப் பார்த்தார்.

"இதுலதான் உசுரு இருக்குது. நம்மளையே பாக்குது பாரு" என்றார். "நீயே சொல்லும்மா. எதை வெச்சுக்கலாம்?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. படம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், நாற்காலி அவளுடையது. நானூறு முகங்களும் காத்திருந்தன. அவை பார்ப்பது முதலாளியை அல்ல என்பது அவளுக்கு மட்டும் தெரியும். காதோரம் ஒரு மூச்சு நின்று, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்பதுபோல இருந்தது. படங்கள் இருக்கும்வரை அந்த மூன்றாமவரும் தன் தோளருகிலேயே இருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

"பொம்மையே இருக்கட்டுமுங்க" என்றாள்.

ஹேமந்த் நிமிர்ந்து பார்த்தான். மாதப்பன், சரி, மாசக் கடைசி வரைக்கும் வா என்று சொல்லித் தன் அறைக்குள் போனார்.

அதன் பிறகுதான் சிப்பாய்கள் திரும்பினார்கள். நானூறு பேரும் ஒன்றாக, மெதுவாக, வாசல் பக்கமாக. திரும்பத் திரும்ப அட்டைகள் குறுகி விரலகலமாயின, பிறகு நூலாயின. களத்தில் வெறும் மண் மட்டும் மிஞ்சியது. அவளுடைய படங்களை அவ்வளவு நேரம் பக்கத்தில் நின்று பார்த்த அந்த மூன்றாமவர், சாத்தின கதவு சாத்தினபடி இருக்க, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்.